அஃப்ரிக் ஏரியைச் சுற்றி: கால்கள் படிக்கும் தரை

ஸ்காட்லாந்தின் வட மேட்டுநிலத்தில், இன்வர்னஸ் நகருக்குத் தென்மேற்கே, கிளென் அஃப்ரிக் என்ற நீண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. கானிக் என்ற சிற்றூரைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் குறுகலான சாலை ஒரு வண்டி நிறுத்துமிடத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் போக வேண்டுமானால் காலை நம்ப வேண்டியதுதான். அங்கிருந்து கிளம்பி லாக் அஃப்ரிக் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதையின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். கைபேசிக்கு அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது. நடுவில் கடை இல்லை, ஊர் இல்லை. வடக்கே கார்ன் ஈகெ, மாம் சொதெய்ல் என்று 1,180 மீட்டரைத் தாண்டிய இரண்டு சிகரங்கள் நிற்கின்றன. கீழே பழைய பைன் காடும் பழுப்பு நீர் ஏரியும்.

காட்டுப்பாதை ஓட்டக்காரர்கள் இந்தச் சுற்றை விரும்புவதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. இந்தப் பாதை எந்தச் சிகரத்திலும் ஏறவில்லை. வரைபடத்தில் பார்த்தால் சாதுவான கோடு. ஆனாலும் மாரத்தானை நல்ல நேரத்தில் ஓடி முடிப்பவர்கள்கூட இங்கே எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். உயரம் அவர்களைத் தடுக்கவில்லை. தரைதான் தடுக்கிறது.

மலைப்பாதையில் ஆகும் நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்துக்காரர்கள் 130 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விதியைப் பயன்படுத்துகிறார்கள். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி வகுத்தது அது. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது ஒரு மீட்டர் ஏறுவது சமதரையில் ஏறக்குறைய எட்டு மீட்டர் போவதற்குச் சமம். எளிமையான விதிதான், ஆனால் எளிதில் பொய்த்துப் போகாதது. பிலிப் ஸ்கார்ஃப் என்ற புள்ளியியலாளர் மலையோட்டப் போட்டிகளின் நேரப் பதிவுகளை எடுத்துச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதே எட்டுதான் வந்தது. நடப்பவருக்குச் சொன்ன கணக்கு ஓடுபவருக்கும் பொருந்தியது.

அந்த விதியை அஃப்ரிக் ஏரிக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 கிலோமீட்டர் என்பது 11 மைல். அதற்கு மூன்று மணி நாற்பது நிமிடம். வழியில் வரும் சிறு ஏற்றங்களுக்கு இன்னொரு அரை மணி சேர்த்தால் நாலேகால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஆனால் இங்கே நடக்க வருபவர்கள் ஐந்து, ஆறு மணி நேரம் ஒதுக்கிக்கொள்கிறார்கள். நெய்ஸ்மித்தின் விதியில் தூரத்துக்கு இடம் உண்டு, ஏற்றத்துக்கு இடம் உண்டு. காலுக்கு அடியில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை.

அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை தேடியவர்கள் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தார். சுமை தூக்கி நடக்கும் படைவீரருக்கு எவ்வளவு உணவும் ஓய்வும் தேவை என்று கணிப்பது அவர்கள் வேலை. ரால்ஃப் கோல்ட்மன் என்ற உடலியலாளரும் அவருடைய சகாக்களும் 1970-களில் வெவ்வேறு தரைகளில் ஆட்களை நடக்கவைத்து, மூச்சுக்காற்றை அளந்து, ஒவ்வொரு தரைக்கும் ஒரு பெருக்கல் எண் கொடுத்தார்கள். தார்ச்சாலைக்கு 1.0 என்றால் மண்சாலைக்கு 1.1. அடர்ந்த புதருக்கு 1.5. சதுப்புக்கு 1.8. உதிரி மணலுக்கு 2.1. தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் சதுப்பில் 550 மீட்டருக்குத்தான் போதும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அஃப்ரிக் ஏரியின் தென்கரையில் வனத்துறைப் பாதை அகலமாக, சரளை போட்டு இறுகலாக இருக்கும். ஏரியின் மேற்கு முனையில் ஆத்னமுல்லாக் என்ற தனி வீடு. அங்கே பாலம் தாண்டி வடகரைக்குத் திரும்பியதும் எல்லாம் மாறுகிறது. ஒற்றையடிப் பாதை, பாறை, ஓடை, சதுப்பு. மேற்கே கின்டெயில் மலைகளை மோதி வரும் அட்லாண்டிக் மேகங்கள் அந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகின்றன. அடியில் இருப்பதோ நீரை உள்ளே விடாத உருமாறிய பாறை. வழிய வழியின்றித் தேங்கிய நீரில் செத்த தாவரங்கள் முழுதும் மக்காமல் படிந்து படிந்து பீட் எனப்படும் கரிய மண்ணாகிவிட்டன. ஈர பீட்டின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கண்ணுக்குத் தரை போலத் தெரிவது, உண்மையில் நார்களால் கட்டிப்போட்ட நீர்.

அதன் மேல் ஓடும்போது ஆற்றல் எங்கே போகிறது? பெல்ஜியத்தில் லெஜேன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் மூவரும் மணலில் செய்த ஆய்வு (1998) இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஓடும்போது நம் காலின் தசைநாண்கள், முக்கியமாகக் குதிகால் நாண், ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, அடி எடுக்கும்போது திருப்பித் தருகின்றன. இறுகிய தரையில் இந்த வரவுசெலவு நன்றாக நடக்கும். மணலில் கால் புதையும்போது மணலையே நகர்த்துவதில் அந்த ஆற்றலின் ஒரு பகுதி செலவாகித் திரும்பாமல் போகிறது. ஆகவே மணலில் ஓட 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. நடப்பதற்கு இன்னும் கூடுதல்: 2.1 முதல் 2.7 மடங்கு. சதுப்பிலும் இதே கதைதான். அத்துடன் சேறு பிடித்து இழுப்பதும் சேர்ந்துகொள்கிறது. உழுத வயல் சேற்றில் கணுக்கால் வரை இறங்கி நாற்று நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கால் வைப்பது ஒரு வேலை, அதை எடுப்பது இன்னொரு வேலை.

மென்மையான தரையெல்லாம் ஆற்றலைத் தின்னும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. 2002-இல் ஏமி கெர்டாக்கும் அவருடைய குழுவினரும் கடினத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு டிரெட்மில்லில் ஓட்டக்காரர்களை ஓடவைத்தார்கள். தரையின் கடினம் பன்னிரண்டரை மடங்கு குறைந்தபோது ஆற்றல் செலவு 12 சதவீதம் குறைந்தது. அந்த மென்மை அமுங்கி, அமுங்கிய வேகத்திலேயே காலைத் தூக்கிவிட்டது. பீட்டின் மென்மையோ வாங்கியதைத் தருவதில்லை. காட்டில் இரண்டு மென்மைகளும் ஓர் அடி இடைவெளியில் கிடக்கும். தோற்றத்தில் வேறுபாடு தெரியாது, கால் வைத்தால்தான் தெரியும்.

கால் வைக்கும் முன்பே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. அது செடிகளிடம் இருக்கிறது.

அனுபவமுள்ள மேட்டுநில ஓட்டக்காரர் தரையை நிறத்தால் பிரித்தறிகிறார். ஹெதர் புதர் அடர்ந்து, மரத்தண்டு போலக் கெட்டியாக நின்றால் அங்கே வேர் மூச்சுவிடும் அளவுக்கு மண் வடிந்திருக்கிறது, அடி வைக்கலாம். கோரை மண்டியிருந்தால் ஈரம், ஆனால் அதன் வேர்க்கட்டு காலைத் தாங்கும். ஊதா மோர்ப்புல் என்ற புல் முழங்கால் உயரத் திட்டுத்திட்டாக வளரும்; திட்டின் உச்சியில் வைத்தால் கால் புரளும், இரண்டு திட்டுகளுக்கு நடுவே வைத்தால் தண்ணீர். பளீரென்ற இளம்பச்சை மெத்தை விரிந்திருந்தால், அதுதான் ஸ்ஃபாக்னம் பாசி. சுற்றிப் போவதே நல்லது. இந்தப் பட்டியலைத் தாவரவியல் மாணவர் வகுப்பில் கற்கிறார். ஓட்டக்காரர் இதை நனைந்த காலுறையோடு கற்கிறார். இரண்டும் ஒரே அறிவுதான்.

ஸ்ஃபாக்னத்தைக் குனிந்து அருகில் பார்க்க வேண்டும். ஒரு பிடி பிடுங்கிப் பிழிந்தால் நீர் குழாய் திறந்ததுபோல் கொட்டும். அதன் இலையில் பச்சை உயிரணுக்கள் மெல்லிய வலைக்கண்ணி போல ஓடுகின்றன. கண்ணிகளுக்கு நடுவே பெரிய, காலியான, செத்த உயிரணுக்கள். அவற்றின் சுவரில் நுண்துளைகள். அந்த அறைகள்தாம் நீர்த்தொட்டிகள். உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை நீர் பிடிக்கும் என்பதாலும், சுற்றுப்புறத்தை அமிலமாக்கிக் கிருமிகளைத் தள்ளிவைக்கும் என்பதாலும், முதலாம் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஸ்காட்லாந்தின் ஊர்மக்கள் இதை மூட்டை மூட்டையாகச் சேகரித்து, காயம் கட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள்.

பீட்டை உருவாக்குவதும் பெரும்பாலும் இந்தப் பாசிதான், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம். உலக நிலப்பரப்பில் பீட்நிலம் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் கரிமத்தைவிட அதிகக் கரிமம் அதற்குள் கிடக்கிறது. மேல்தோல் கிழிந்து பீட் காற்றில் பட்டால் அது காய்ந்து, மக்கி, கரியமில வாயுவாகக் கரையத் தொடங்கும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குதிகால் தோண்டிவிட்டால் அங்கே கலைவது ஒரு நூற்றாண்டின் படிவு. பாதையில் சேறு கண்டதும் ஓரத்துப் பாசியில் கால் வைத்துச் சுற்றிப் போனால், பின்னால் வருபவர் இன்னும் ஓரமாகப் போவார். ஒற்றையடிப் பாதை பத்தே ஆண்டில் நாலு தடமாகிக் கரும்புண்ணாகிவிடும். எனவே அறியாத சதுப்பில் பாசியைத் தவிர்ப்பதும், ஏற்கெனவே இருக்கும் பாதையில் சேறு என்றாலும் நடுவிலேயே ஓடுவதும்தான் முறை. ஷூ நனைவதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. நீர்புகாத ஷூ வாங்கி வருபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்: மேல்பக்கமாக உள்ளே போன தண்ணீர் அதில் வெளியே வராது. வலைத்துணியில் தைத்த ஷூவில் பத்து அடி ஓடினாலே நீர் பிதுங்கி வெளியேறிவிடும்.

ஏரிக்கரை ஓரம் பைன் காட்டுக்குள் நுழைந்தால் சிக்கல் வேறு. இவை தோட்டமாக நட்ட மரங்கள் அல்ல; பனியுகம் முடிந்தபின் தானாக வந்து பரவிய கலிடோனியக் காட்டின் மிச்சம். சில மரங்களுக்கு முந்நூறு வயதுக்கும் மேல். நீர் கோத்த மண்ணில் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. அதனால் பைனின் வேர் கீழே இறங்காமல் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் ஓடுகிறது. பாதையைக் குறுக்கே வெட்டும் அந்த வேர்கள் காலடி பட்டுப் பட்டுப் பட்டை உரிந்து வழவழப்பாகிவிட்டிருக்கும். மழை பெய்தால் அந்த வழவழப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவே உராய்வு ஏறக்குறைய இல்லாமல் போகும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி வைக்க வேண்டும். நொடிக்கு மூன்று அடி வீதம் வைத்துக்கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

கண்ணால் இது முடிகிறதா?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் மேத்திஸ், மேரி ஹேஹோ குழுவினர் பார்வையைப் பின்தொடரும் கண்ணாடியையும் உடலசைவைப் பதியும் கருவிகளையும் மாட்டி, ஆட்களை உண்மையான காட்டுப்பாதையிலும் பாறைக் குவியலிலும் நடக்கவிட்டார்கள். ஆய்வு வெளிவந்தது 2018-இல். சமதரையில் கண் தோன்றிய இடமெல்லாம் மேய்ந்தது. பாறையில் இறங்கியதும் பார்வை தரையில் பதிந்து, வைக்கப்போகும் அடிக்கு இரண்டு, மூன்று அடி முன்னால் ஒவ்வொரு மிதியிடமாகத் தொட்டுத் தொட்டுச் சென்றது. இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. தரை எதுவானாலும் கண் ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. தரை கரடுமுரடானால் மனிதர்கள் அந்த ஒன்றரை நொடியை விட்டுக்கொடுக்கவில்லை, வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

நடப்பவருக்கு இது சரி. ஓடுபவருக்கு ஒன்றரை நொடி என்பது நாலைந்து அடி. ஒவ்வொரு வேரையும் கல்லையும் கண் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் ஏரியைப் பார்ப்பது எப்படி, வழி தவறாமல் இருப்பது எப்படி, எதிரே வரும் மனிதருக்கு ஒதுங்குவது எப்படி?

இந்தக் கேள்விக்கான விடையில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. நிஹவ் தவாலே, மதுசூதன் வெங்கடேசன் இருவரும் அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் காட்டுப்பாதை போல ஏற்றத்தாழ்வான ஓர் ஓடுதடம் அமைத்து, ஓட்டக்காரர்களின் அடிவைப்பையும், தரை தரும் விசையையும், மூச்சையும் அளந்தார்கள். 2023-இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. ஓடுபவர்கள் சமமான இடமாகத் தேடி மிதிக்கவில்லை. மேடோ பள்ளமோ, வந்த இடத்தில் கால் விழுந்தது. தடுமாறாமல் காத்தது தேர்ந்தெடுத்த அடியல்ல, காலின் இளக்கம். முழங்காலும் கணுக்காலும் விறைக்காமல் கொடுத்துப் போனதால் தரையின் மேடுபள்ளம் உடலின் மேற்பகுதிக்கு ஏறவே இல்லை. ஆற்றல் செலவும் சமதரையிலிருந்து அதிகம் மாறவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா வொலோஷினாவும் டேனியல் ஃபெரிஸும் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. டிரெட்மில் பட்டையில் இரண்டரை சென்டிமீட்டர் வரை உயர வேறுபாடுள்ள மரக்கட்டைகளை ஒட்டினார்கள். அதில் நடந்தவர்களின் ஆற்றல் செலவு 28 சதவீதம் ஏறியது. ஓடியவர்களுக்கு 5 சதவீதம்தான். கரடுமுரடான தரையில் நடையைவிட ஓட்டம் ஒப்பளவில் மலிவு என்பது முதலில் கேட்க நம்பும்படியாக இல்லை. ஆனால் நடக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நின்று உடலைத் தன்மேல் தாங்கிக் கடத்துகிறது. ஓடும்போது அது மடங்கி நிமிரும் சுருள்வில் போல வேலை செய்கிறது. சிறு மேட்டை வில் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

பாறையில் மேத்திஸ் கண்டதற்கும் தடத்தில் வெங்கடேசன் குழு கண்டதற்கும் முரண் இருப்பதாகத் தோன்றலாம். தரை வேறு என்பதே இதற்குப் போதுமான விளக்கம் என்று படுகிறது. கால் சிக்கி உடையக்கூடிய இடுக்குகளுள்ள பாறைக் குவியலில் கண் ஒவ்வோர் அடியையும் தேர்ந்தாக வேண்டும். மென்மேடு, சிறுபள்ளம் உள்ள பாதையில் அந்த வேலையைக் காலிடமே விட்டுவிடலாம். அஃப்ரிக் வடகரையில் இந்த இரண்டு வகைத் தரையும் ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி வருகின்றன. எப்போது கண்ணிடம் கேட்பது, எப்போது காலிடம் விடுவது என்ற அந்த மாற்றத்தைத்தான் காட்டில் பழகியவர் நன்றாகச் செய்கிறார். சாலையில் மட்டும் ஓடியவர் எல்லாவற்றையும் கண்ணிடமே கேட்கிறார். கழுத்தும் தோளும் இறுக, தலை குனிந்தபடியே ஓடிச் சீக்கிரம் களைத்துப்போகிறார்.

கால் தானாகவே இவ்வளவு செய்யுமா என்ற ஐயத்துக்கு ஹார்வர்டில் மோனிகா டேலி, ஆண்ட்ரூ பீவனர் இருவரும் கினிக்கோழிகளை வைத்துச் செய்த சோதனை விடை சொல்கிறது. கோழிகள் ஓடும் பலகையில் எட்டரை சென்டிமீட்டர் பள்ளம் ஒன்று வெட்டி, மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, தரை போலவே தெரியும்படி வைத்தார்கள். கோழியின் கால் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அந்தக் கோழியின் இடுப்புயரத்தில் பள்ளத்தின் ஆழம் ஐந்தில் இரண்டு பங்கு. ஆனாலும் கோழிகள் விழாமல் ஓடிப் போயின. எதிர்பாராத பள்ளத்துக்கு மூளை பதில் அனுப்ப நேரமில்லை. காலின் அமைப்பே, அதன் கீழ்மூட்டுகள் சுமைக்கு ஏற்ப உடனே நடந்துகொள்ளும் விதமே, உடலைக் காத்தது. ஃபெரிஸ் 1999-இல் மனிதரிடமும் இதற்கு இணையான ஒன்றைக் கண்டிருந்தார். மென்தரையிலிருந்து கடினத் தரைக்கு மாறும் ஓட்டக்காரர், புதிய தரையின் முதல் அடியிலேயே காலின் விறைப்பை மாற்றிக்கொள்கிறார். உடலின் ஏற்ற இறக்கப் பாதை மாறுவதே இல்லை.

இந்தத் திறமை தோற்கும் இடம் கணுக்கால். உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கும்போது, தரையைத் தொட்டதிலிருந்து வெளிப்பக்கத் தசைநார் கிழிவது வரை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. காப்பாற்ற வேண்டிய தசைக்குச் செய்தி போய், அது முறுக்கேறி, விசை காட்டுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆகவே தசை, தரையைத் தொடும் முன்பே தயாராக இருக்க வேண்டும். அதைப் பயிற்சியால் கற்றுத்தர முடியும். நெதர்லாந்தில் ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே எட்டு வாரம் ஒற்றைக்காலிலும் ஆடும் பலகையிலும் நின்று பழகியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் மறுபடி சுளுக்கும் ஆபத்து 35 சதவீதம் குறைந்தது. இதற்கு எந்த விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக்காலில் நிற்பதிலிருந்தே தொடங்கலாம்.

இறக்கத்தைப் பற்றியும் சுருக்கமாக. இந்தச் சுற்றில் நீண்ட இறக்கம் கிடையாது. ஓடைகளுக்குள் இறங்கி ஏறும் சிறு சரிவுகள்தாம். இத்தாலிய உடலியலாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியின் 2002 அளவீட்டின்படி, 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓடுவதற்குச் சமதரை ஓட்டத்தின் பாதி ஆற்றலே போதும். 45 சதவீத ஏற்றத்துக்கு ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும். ஆனால் இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த இழுப்பில் அதன் நுண்ணிழைகள் சேதமடைந்து, வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஒருமுறை பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு இதே வேலைக்குத் தாக்குப்பிடிக்கும் என்பது ஆறுதல்.

களைப்பும் குளிரும் சேரும் இடத்தில்தான் இந்தக் காடு உயிருக்கு ஆபத்தாகிறது. அதை அறிவியலாகச் சொன்னவர் கிரிஃபித் பியூ. 1953 எவரெஸ்ட் பயணத்தின் உடலியலாளர் அவர். 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நெடுநடைப் போட்டி மழையிலும் காற்றிலும் சிக்கியது. மூன்று இளைஞர்கள் உடல்வெப்பம் இழந்து இறந்தார்கள். பியூ அவர்கள் அணிந்த வகை உடைகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, நனைத்து, காற்றில் வைத்துச் சோதித்து 1966-இல் எழுதினார். துணிக்குள் சிறைப்பட்ட காற்றுதான் உடலுக்குக் கதகதப்பு. அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. வேகமாக ஓடுகிறவரை நனைந்த உடை பெரிதாகப் பாதிப்பதில்லை. தசை வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சதுப்பு அவரைக் களைப்பாக்கி வேகத்தைக் குறைத்தால் வெப்ப உற்பத்தி சரியும், இழப்பு மட்டும் அப்படியே தொடரும். குளிர்ந்த தசை இன்னும் மெதுவாகும். கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டவர் நிலை இன்னும் மோசம். மெல்லிய சட்டையோடு ஓட வருபவரும் மழைக்கோட்டு, வரைபடம், திசைகாட்டி, ஊதல், கொஞ்சம் உணவு ஆகியவற்றைச் சுமந்தாக வேண்டும் என்று மலையோட்டப் போட்டி அமைப்பாளர்கள் வலியுறுத்துவது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான். மழை வலுத்தால் பாறை நிலத்து ஓடைகள் சில மணி நேரத்தில் பொங்கும். நீரின் வேகம் இரட்டித்தால் காலில் அது தரும் விசை நான்கு மடங்கு. காலையில் தாவிய ஓடையை மாலையில் தாண்ட முடியாமல் போகலாம். அப்போது வந்த வழியே திரும்புவதுதான் புத்தி.

மழையும் காற்றும் இல்லாத கோடை மாலையில் வேறொரு கூட்டம் காத்திருக்கும். மேட்டுநில மிட்ஜ் என்ற கொசுவினும் சிறிய பூச்சி. பெண் பூச்சி முதல் முட்டைகளை ரத்தம் இல்லாமலே இட்டுவிடும். அடுத்த முட்டைகளுக்குத்தான் அதற்கு ரத்தம் வேண்டும். மூச்சின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வரும். கடிக்கத் தொடங்கிய பூச்சி வேதிச்செய்தி விட்டு மற்றவற்றையும் அழைக்கும். ஆனால் நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடுவது நொடிக்கு 2.8 மீட்டர். ஓடும்வரை தப்பலாம், ஷூ நாடா கட்டக் குனிந்தால் மொய்த்துவிடும்.

இதே பள்ளத்தாக்கின் வழியாகக் கின்டெயிலிலிருந்து ப்யூலி வரை ‘ஹைலண்ட் கிராஸ்’ என்ற 50 மைல் போட்டி 1983 முதல் நடக்கிறது. 20 மைல் காலால், 30 மைல் சைக்கிளில். அவ்வளவு பேர் கடந்து போகும் காடு இன்று பச்சையாக இருப்பது தற்செயல் அல்ல. 1959-இல் ஸ்டீவன், கார்லைல் இருவரும் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பைன் காடுகளைப் பற்றிய பெரும் நூலை வெளியிட்டபோது, பல இடங்களில் கிழமரங்கள் மட்டுமே நின்றன, கன்றுகள் இல்லை. முளைத்ததையெல்லாம் செம்மான்களும் ஆடுகளும் தின்றுகொண்டிருந்தன. 1951-இல் கிளென் அஃப்ரிக்கை வாங்கிய வனத்துறை பிறகு வேலியிட்டு மான்களை வெளியே நிறுத்தியது. ‘ட்ரீஸ் ஃபார் லைஃப்’ என்ற தொண்டு அமைப்பும் பின்னால் சேர்ந்துகொண்டது. 2002-இல் பள்ளத்தாக்கு தேசிய இயற்கைக் காப்பகமானது. வேலிக்கு உள்ளே தோளுயரத்துக்குப் பைனும் பிர்ச்சும் நெருங்கி நிற்க, வெளியே வெறும் ஹெதர் கிடக்கும் இடங்களை இன்றும் பார்க்கலாம்.

மான்களின் எண்ணிக்கை ஓடுபவரையும் நேராகத் தொடுகிறது. முட்டையிடத் தயாராகும் பெண் உண்ணிகள் ரத்தம் குடிப்பது பெரும்பாலும் மான்மேல்தான். லைம் நோயைத் தரும் பொரேலியா கிருமியை உண்ணிக் குஞ்சுகள் எலி, பறவை போன்ற சிற்றுயிர்களிடமிருந்து வாங்குகின்றன. புல்லின் நுனியிலும் பெரணி இலையிலும் முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும் உண்ணி, உரசிப் போகும் முழங்காலில் ஏறிக்கொள்ளும். அது ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூடக் கிருமி உடலுக்குள் போகும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் ஓட்டம் முடிந்த அன்றைக்கே முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்திய இடம், அக்குள், காதின் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நசுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்த ஊரையும் நாளையும் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரையே பெரும்பாலும் குணப்படுத்திவிடும்.